கல்பாத்தித் தேர்வீதி: ஒழுங்கைக் குலைத்தவர் யார்?
1924ஆம் ஆண்டு நிகழ்வை முன்வைத்துப் பிறழ்நடத்தை பற்றிய ஓர் ஆய்வு

1924 நவம்பரில் பாலக்காட்டுக் கல்பாத்தியில் தேர்த்திருவிழாவின்போது அக்கிரகாரத் தெருவுக்குள் நுழைந்த, தீண்டத்தகாதோராக நடத்தப்பட்ட ஈழவர்கள் தாக்கப்பட்டனர். பொதுச்சாலையில் எவரும் நடக்கலாம் என்று சென்னை மாகாண அரசு ஆணையிட்டு அப்போது இரண்டு மாதங்கூட ஆகவில்லை. ஆயினும் அமைதி காக்கும் பொருட்டுப் பிறந்த தடையுத்தரவு நடந்தவர்களின் மீதே விழுந்தது. அடித்தவர்களை அது தொடவில்லை. சமூக ஒழுங்கின்மை, பிறழ்நடத்தை என்னும் கருத்தாக்கங்களை ஆராய இதைவிடத் தெளிவான உள்ளூர்ச் சான்று கிடைப்பது அரிது. எது பிறழ்வு என்பதைச் செயலின் தன்மை தீர்மானிப்பதில்லை. கலவர அச்சம் எழும்போது அதிகாரம் எவரைப் பார்த்து ‘நில்’ என்கிறதோ அதுவே தீர்மானிக்கிறது என்பதும், கல்பாத்தியில் அந்த ‘நில்’ திசை மாறுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கோட்பாட்டுப் பின்னணி

குற்றமே இல்லாத சமூகம் கிடையாது, ஆகவே குற்றம் சமூகத்தின் இயல்பான கூறு என்று 1895இல் எழுதினார் பிரெஞ்சுச் சமூகவியலர் எமில் துர்க்கெய்ம். சில வேளைகளில் குற்றம் வரப்போகும் அறத்தின் முன்னோட்டமாகவும் இருக்கும் என்பதற்கு அவர் சாக்ரடீசை எடுத்துக்காட்டினார். ஏதென்ஸ் நகரச் சட்டப்படி சாக்ரடீஸ் குற்றவாளி. ஆனால் அவர் கேட்ட சிந்தனைச் சுதந்திரம் பின்னாளில் நெறியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவில் வளர்ந்த சமூகக் குலைவுக் கோட்பாடு வேறு வழியில் சென்றது. குடிப்பெயர்வும் நகர வளர்ச்சியும் பழைய கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதால் பிறழ்வு பெருகுகிறது என்று அது விளக்கியது. பழைய கட்டுப்பாடுகள் யாருக்கு நன்மை செய்தன என்ற கேள்வி அதில் அடங்கிப்போயிற்று. சிற்றூர் நடுத்தர வர்க்கத்தின் விழுமியங்களையே சமூகத்தின் நலமாக எண்ணி, அதற்கு வெளியே நிற்பதையெல்லாம் நோயாகக் காண்கிறார்கள் என்று சி. ரைட் மில்ஸ் 1943இல் இவ்வகை ஆய்வுகளைச் சாடினார். 1963இல் ஹோவர்டு பெக்கர் ஒருபடி மேலே சென்று, பிறழ்வு என்பது ஒருவர் செய்த செயலில் உறையும் பண்பன்று, பிறர் விதியை வகுத்து அவர்மீது முத்திரை குத்துவதன் விளைவு என்றார்.

கல்பாத்திக்கு இவற்றைவிட நெருங்கி வருவது ராபர்ட் மெர்ட்டன் வகுத்த ஒரு வேறுபாடு. திருடன் விதியை மறைவில் மீறுகிறான். விதி தவறு என்று அவன் சொல்வதில்லை, தண்டனையிலிருந்து தப்பவே பார்க்கிறான். உடன்படாதவரோ விதியை ஊரறிய மீறுகிறார். அதன் நியாயத்தையே மறுக்கிறார். தன்னலத்துக்காக அன்றி உயர்ந்ததொரு நெறியை முன்னிறுத்தி மீறுகிறார். இருவரையும் பிறழ்ந்தோர் என்ற ஒரே பட்டியலில் அடைப்பது பிழை என்றார் மெர்ட்டன்.

அக்கிரகாரமும் நகராட்சித் தெருவும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தஞ்சை, மதுரைப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்ப் பிராமணர்கள் அமைத்த கிராமங்களுள் கல்பாத்தி முதன்மையானது. ஆற்றங்கரையில் நிற்கும் விசுவநாத சுவாமி கோயில் 1425இல் பாலக்காட்டு அரசர் இட்டிக்கோம்பி அச்சன் காலத்தில் எழுந்ததாகவும், லட்சுமி அம்மாள் என்ற பெண் காசியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்ததாகவும் மரபு கூறுகிறது. ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பது ஊர் வழக்கு. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம் ஆகிய கிராமக் கோயில்களின் தேர்களும் விசுவநாதரின் தேரும் ஐப்பசி முடிவில் வீதியில் ஒன்றுகூடும் தேர்ச் சங்கமமே இவ்வூரின் பெருவிழா.

தெருவின் இருபுறமும் ஒட்டி நிற்கும் வீடுகள், வாசலில் கோலம், முனையில் கோயில் என்ற அமைப்பில் தெருவே சடங்கு வெளியாகிவிடுகிறது. இன்னின்ன சாதியார் இத்தனை அடி தொலைவில் நிற்க வேண்டும் என்று அளவு வைத்திருந்த மலபாரில், அந்தச் சடங்கு வெளிக்குள் ஈழவர் வருவது தீட்டாயிற்று. ஆனால் இதே தெருவுக்கு வேறொரு முகமும் இருந்தது. 1792 முதல் மலபார் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் இருந்தது. பாலக்காடு நகராட்சி 1866இல் அமைந்தது. நகராட்சி எல்லைக்குட்பட்ட தெரு பொதுத் தெரு. ஆகவே ஒரே மண்ணின்மீது இரண்டு ஒழுங்குகள் படிந்திருந்தன: வழக்கத்தின் ஒழுங்கு ஒன்று, நகராட்சியின் ஒழுங்கு மற்றொன்று. ஈழவர் விலகி நிற்கும்வரை இரண்டும் மோதவில்லை. அந்த மோதலின்மையையே அரசு அமைதி என்று கருதியது.

1917 முதல் 1924 வரை

மலபாரில் இந்த மோதல் முதலில் வெளிப்பட்டது கோழிக்கோட்டில். அங்கே தளி கோயிலை ஒட்டிய சாலையில் தாழ்த்தப்பட்டோர் நடக்கத் தடை இருந்தது. 1917இல் வழக்கறிஞர் மஞ்சேரி ராமய்யர், ‘மிதவாதி’ இதழாசிரியர் சி. கிருஷ்ணன், கே. பி. கேசவ மேனன் முதலியோர் அத்தடையை மீறி அச்சாலையில் நடந்தனர். பிராமணரும் தீயரும் நாயரும் சேர்ந்து நடந்த அந்நடை, மெர்ட்டன் சொன்ன உடன்படாமையின் எல்லா அடையாளங்களையும் கொண்டிருந்தது.

1924 மார்ச் 30 அன்று வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து சென்று அதில் சிறைப்பட்ட பெரியார் வழியாக அது தமிழ் வாசகர் நினைவில் ஆழப் பதிந்துள்ளது. ஆனால் வைக்கத்துக்கும் கல்பாத்திக்கும் இடையே ஒரு சட்ட வேறுபாடு உண்டு. வைக்கம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது; அங்கே வழக்கமே அரசின் நிலைப்பாடு. கல்பாத்தியோ சென்னை மாகாணத்தின் நேரடி ஆட்சியில் இருந்தது. இங்கே எழுத்திலுள்ள சட்டம் நடப்பவர் பக்கம் நின்றது.

அச்சட்டத்தைத் தெளிவாக எழுத வைத்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1924 ஆகஸ்ட் 22 அன்று சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுச்சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எந்த வகுப்பாரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். செப்டம்பர் 25 அன்று அதுவே 2660ஆம் எண் அரசாணையாக வெளிவந்தது. உரிமையைச் சொன்ன அந்த ஆணை, அதைத் தடுப்பவருக்கு என்ன தண்டனை என்பதைச் சொல்லவில்லை.

தடையுத்தரவு யார்மீது?

அரசாணையைக் கல்பாத்தித் தேர் சோதித்தது. உள்ளே நுழைந்த ஈழவர்கள் தாக்கப்பட்ட பின், 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்படி அவர்கள் அக்கிரகாரத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. இப்பிரிவு விந்தையான கருவியாக இருந்தது. கலவரம் மூளும் என்று மாஜிஸ்திரேட் கருதினாலே போதுமாயிற்று. குற்றமே செய்யாத ஒருவரையும் ஒரு செயலிலிருந்து விலகியிருக்கச் சொல்ல முடிந்தது. உத்தரவு இரண்டு மாதம் செல்லுபடியாகும் நிலை இருந்தது. திருவிழா அதற்குள் முடிந்துவிடும்.

தடுக்க வேண்டியது உரிமையோடு நடப்பவரையா, கலகம் செய்பவரையா என்ற கேள்வி அன்றைய நீதித்துறைக்குப் புதிதன்று. 1882இல் இங்கிலாந்தின் வெஸ்டன் நகரில் இரட்சண்ய சேனையார் ஊர்வலம் போனபோது எதிர்க்குழு ஒன்று கலகம் செய்தது. பிறர் கலகம் செய்வார்கள் என்பதற்காகச் சட்டப்படி நடப்பவரைத் தண்டிக்க முடியாது என்று பீட்டி - கில்பேங்க்ஸ் வழக்கில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1883இல் சேலம் ஊர்வலத் தகராறிலிருந்து எழுந்த சுந்தரம் செட்டி வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வும் இதே திசையில் பேசியது: உரிமையைப் பயன்படுத்துபவரைக் காப்பதே அதிகாரிகளின் முதற்கடமை, உரிமையை நிறுத்திவைப்பது வேறு வழியற்ற நெருக்கடிக்கு மட்டுமே. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட அந்த வரிசை கல்பாத்தியில் தலைகீழானது. காக்க வேண்டிய கடமை பின்னுக்குப் போயிற்று. விதிவிலக்கு முன்னுக்கு வந்தது.

இதில் அதிகாரியின் தனிப்பட்ட சாதிப்பற்றைத் தேட வேண்டியதில்லை. ஊர்ப் பெரியவர்களின் புகார்தான் நிர்வாகத்தின் காதுக்கு முதலில் எட்டும். வழக்கமாக இருப்பதையே நிர்வாகம் அமைதியின் அளவுகோலாக வைத்துக்கொள்ளும். புதிதாக வருபவரைத் தடுக்கச் சில காவலர் போதும். தடுப்பவர்களைக் கலைக்கப் பெரும்படை வேண்டும். எனவே குறைந்த செலவில் அமைதி கிடைக்கும் பக்கமாகவே உத்தரவு சாய்கிறது. தாக்குதலைத் திரட்டும் வலிமை எந்தக் குழுவுக்கு உண்டோ, அதன் எதிரியே ஒழுங்கைக் குலைப்பவராக ஏட்டில் ஏறுகிறார். வன்முறை செய்ய முடிந்தவருக்கு அது பரிசாகவே அமைகிறது.

மதமாற்றம் என்னும் சோதனை

தீட்டு என்ற வாதத்தின் உள்முரணை வெளிக்கொணர்ந்தது மதமாற்றம். கிறித்தவரும் முஸ்லிமும் அக்கிரகாரத் தெருவில் நடந்துபோக வழக்கம் இடம் தந்தது. ஈழவர் இந்துவாக இருக்கும்வரை மட்டுமே அது தடுத்தது. தெருவில் கால் வைப்பதற்காகச் சமயத்தையே மாற்றலாமா என்ற விவாதம் இதனால் பாலக்காட்டு ஈழவரிடையே சூடுபிடித்தது. பண்டித ரிஷிராம், வேதபந்து ஆகியோரின் முயற்சியில் ஆரிய சமாஜம் இங்கே காலூன்றியதும் இச்சூழலில்தான். சமாஜத்தில் சேர்ந்தவர் சாதியைத் துறக்கிறார், இந்துவாகவும் இருக்கிறார். அவரைத் தடுத்தால் எந்த அடிப்படையில் தடுப்பது? சமாஜிகளுக்கும் அக்கிரகாரத்தில் எதிர்ப்பு எழுந்தது. அப்போதே தடைக்குக் காரணம் சொல்வது கடினமாயிற்று. ஒருவர் நேற்று நடந்தால் குற்றம், இன்று பெயரும் சமயமும் மாறியபின் நடந்தால் குற்றமில்லை என்றால், பிறழ்வு நடத்தையில் இல்லை, நடப்பவர்மேல் ஒட்டிய முத்திரையில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பெக்கர் எழுதுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு முன்பே கல்பாத்தி மக்கள் அதைச் செயலால் நிறுவிவிட்டார்கள்.

உள்ளிருந்து மீறியவர்

அக்கிரகாரம் முழுவதும் ஒரே மனத்துடன் இருந்தது என்று கொள்வதும் பிழை. கல்பாத்தியைச் சேர்ந்த டி. ஆர். கிருஷ்ணசாமி அய்யர் காங்கிரஸ் இயக்கத்தில் இறங்கியவர். 1923 மே மாதம் சரோஜினி நாயுடு தலைமையில் பாலக்காட்டில் கூடிய அரசியல் மாநாட்டை ஒட்டி நடந்த சமபந்தி விருந்து பெரும் சலசலப்பை உண்டாக்கியது. தாழ்த்தப்பட்டோருடன் உண்ட கிருஷ்ணசாமி அய்யரைச் சாதியார் விலக்கிவைத்தனர். அவர் பணிந்து பிராயச்சித்தம் செய்யவில்லை; அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் அமைத்து எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் தங்க வைத்தார். வைக்கம் பயணத்தின் தொடர்ச்சியாக 1925இல் காந்தி பாலக்காட்டுக்கு வந்தபோது இத்தகையோரின் பணிக்கு ஊக்கம் கிடைத்தது.

சாதிவிலக்கு என்பது அக்கிரகாரத்தின் உள்தண்டனை. புகுந்தவருக்கு அடி, உள்ளிருந்து மீறியவருக்குப் பந்தி மறுப்பு, உறவு மறுப்பு, சடங்கு மறுப்பு. இரண்டும் ஒரே எல்லையைக் காக்கும் வழிகள். தண்டனையின் பயன் குற்றவாளியைத் திருத்துவதைவிட மற்றவர்களின் ஒற்றுமையை உறுதிப்படுத்துவதே என்ற துர்க்கெய்மின் கருத்து இங்கே பொருந்துகிறது. ஆனால் விலக்கப்பட்டவருக்குப் போய்ச் சேர வேறோர் இடம், தேசிய இயக்கம் என்ற பெரிய பந்தி, உருவாகிவிட்டிருந்தது. விலக்கின் வலிமை அதனாலேயே குறைந்தது.

முத்திரை இடம் மாறிய விதம்

தண்டனையற்ற உரிமை தேரோட்டத்தைத் தாங்காது என்று கல்பாத்தி காட்டிய பின், சட்டமன்றத்தில் இதைத் தொடர்ந்து எழுப்பியவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த உறுப்பினர் ஆர். வீரையன். பொதுச்சாலையில் நடப்பவரைத் தடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கும் திருத்தத்துக்கு அவர் பாடுபட்டார். 1938இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் எம். சி. ராஜா முன்னின்ற சமூக இயலாமை ஒழிப்புச் சட்டமும் மலபார் ஆலயப் பிரவேசச் சட்டமும் வந்தன. 1947இல் சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம், 1950இல் அரசமைப்பின் 17ஆம் உறுப்பு, 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் என்று வரிசை நீண்டது. 1924இல் நடந்தவர் தடுக்கப்பட்டார்; 1955இல் தடுத்தவர் குற்றவாளி ஆனார். தெருவும் தேரும் நடையும் அப்படியே இருக்க, பிறழ்ந்தவர் என்ற பெயர் மட்டும் வேறொருவருக்குப் போயிற்று.

மாற்றம் நேர்கோட்டில் வந்ததாக எண்ணக் கூடாது. 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நுழைந்த நாடார்களின் வழக்கு 1908இல் பிரிவி கவுன்சில் வரை சென்று தோற்றது. அங்கே நீதிமன்றம் வழக்கத்தின் பக்கம் நின்றது. கல்பாத்தியில் அரசாணை உரிமையின் பக்கமும் தடையுத்தரவு வழக்கத்தின் பக்கமும் நின்றன. 1923 முதல் 1928 வரை சென்னை அரசின் சட்ட உறுப்பினராக இருந்த சர் சி. பி. ராமசாமி அய்யரே, 1936இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானபோது அங்கே திவானாக இருந்தார். ஒரே மனிதர் பணியாற்றிய இரண்டு அரசுகள், பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில், இரு வேறு ஒழுங்குகளுக்குக் காவல் நின்றன.

முடிவு

சமூகக் குலைவுக் கோட்பாட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கல்பாத்தியைப் பார்த்தால், நகரமயமும் அரசியல் விழிப்பும் ஒரு பழைய கிராமத்தின் அமைதியைக் கெடுத்தன என்ற முடிவே கிடைக்கும். முத்திரைக் கோட்பாட்டை மட்டும் வைத்தால், எல்லாமே பெயர் சூட்டும் விளையாட்டு என்றாகிவிடும். அடிபட்டவர் உடலில் ஏற்பட்ட காயம் மறைந்துபோகும். இரண்டுக்கும் இடையில் ஆய்வாளர் பார்க்க வேண்டியது மூன்று பதிவுகளை: புகார் யாருடையது, உத்தரவு யாரை விளித்தது, தண்டனை எவர்மீது எழுதப்பட்டது. கல்பாத்தியில் புகார் தெருவாசிகளுடையது, உத்தரவு ஈழவரை விளித்தது, தடுத்தவருக்குத் தண்டனையே எழுதப்படவில்லை. இந்த மூன்றாவது வெற்றிடம் நிரம்பிய பிறகுதான் முதல் இரண்டும் மாறத் தொடங்கின.

இன்றும் கோயில் திருவிழா, ஊர்வலப் பாதை, பொதுமயானம் போன்ற தகராறுகளில் ‘சட்டம் ஒழுங்கு’ காரணம் காட்டித் தடையுத்தரவு பிறக்கும்போது, அதன் முதல் வரி யாரை விலகி நிற்கச் சொல்லியிருக்கிறது என்பதையே முதலில் படிக்க வேண்டும். உரிமை உள்ளவர் பெயர் அங்கே இருந்தால், குலைந்தது ஒழுங்கன்று, அதைக் காக்க வேண்டியவரின் கடமை என்று கொள்ளலாம்.