பாதி வெளிச்சம்

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். திந்திரிணி என்றால் வடமொழியில் புளி. நான் சிறுவனாக இருந்த காலத்தில் அந்தப் பெயருக்குச் சாட்சியாக, விழுப்புரத்திலிருந்து வரும் பெரிய ரஸ்தாவின் இரு பக்கமும் புளியமரங்கள் நின்றன. பட்டப்பகலிலேயே அவற்றின் அடியில் கொஞ்சம் இருட்டு மிச்சம் இருக்கும். ராத்திரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அந்த இருட்டுக்கு எங்கள் பெரியப்பா வைத்திருந்த பதில், மூன்று கட்டை டார்ச் லைட். கிராமத்தில் யாரும் அதை டார்ச் என்று சொல்வதில்லை. 'பாட்டரி லைட்' என்பார்கள். உள்ளே போடும் செல்லுக்குக் 'கட்டை' என்று பெயர். மனிதர்களின் அந்தஸ்தே கட்டைக் கணக்கில் அளக்கப்பட்டது. இரண்டு கட்டைக்காரர் சாமானியர். மூன்று கட்டைக்காரர் நாலு காணி வைத்திருப்பவர். ஐந்து கட்டைக்காரர் பஞ்சாயத்துக்குத் தலைமை வகிக்கத் தகுதி உள்ளவர்!

விழுப்புரம் கமிட்டியில் மணிலா மூட்டைகளை விற்றுவிட்டு, ராத்திரி வண்டியில் திண்டிவனம் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே ஊருக்கு வருவது பெரியப்பாவின் வழக்கம். ஒரு நாள் திண்டிவனம் கடைத்தெருவில் ஸ்டவ், லாந்தர் எல்லாம் ரிப்பேர் செய்யும் ஒரு கிழவரிடம் அந்த லைட்டைக் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். திரும்பி வந்த லைட்டின் சுவிட்ச் முன்பு ஒரே ஒரு தடவை 'டக்' என்னும். இப்போது இரண்டு தடவை 'டக், டக்' என்றது. முதல் சத்தத்துக்கு மங்கலாக ஒரு வெளிச்சம். இரண்டாவது சத்தத்துக்குப் பழைய முழு வெளிச்சம்.

"மொதல்ல வர்றது நெலா, அப்புறம் வர்றது சூரியன்," என்றார் கிழவர்.

"நெலா எதுக்கு தாத்தா?" என்று கேட்டேன்.

"கால்கிட்ட பாக்க நெலா போதும் தம்பி. கட்டையும் ரெண்டு பங்கு நாளு வரும்."

இந்தக் கடைசி வாக்கியம் மெய்யா பொய்யா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின. அதைத் தெரிந்துகொள்ளப் போன இடத்தில்தான் இந்தச் சரித்திரம் அகப்பட்டது.

நம்முடைய பாஷையில் விளக்குக்கென்று எத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன, பாருங்கள். விளக்கை ஏற்றுகிறோம், தூண்டுகிறோம், தணிக்கிறோம். கடைசியில் அது மலையேறுகிறது. எரிவதற்கும் அணைவதற்கும் நடுவே எத்தனையோ படிகள் உண்டு என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். மேல்நாட்டில் 1780களில் ஜெனீவாக்காரரான ஆமி ஆர்கண்ட் செய்த விளக்கிலும் திரியை ஏற்றி இறக்க ஏற்பாடு இருந்தது. பின்னால் வந்த அரிக்கேன் லாந்தரிலும் அந்தச் சின்னத் திருகாணியைப் பார்க்கலாம். கிருஷ்ணாயில் குறைவாக இருந்தால் திரியை இறக்கலாம். குழந்தை தூங்கினால் இன்னும் இறக்கலாம்.

மின்சாரம் வந்தது, திருகாணி போயிற்று! மிஞ்சியவை இரண்டே வினைச்சொற்கள்: போடு, அணை.

கையில் எடுத்துப் போகும் மின்விளக்கின் கதை இன்னும் வேடிக்கை. ஜெர்மனியில் கார்ல் காஸ்னர் 1886ல் சிந்தாத, உலர்ந்த செல்லுக்கு உரிமை வாங்கினார். அமெரிக்காவில் டேவிட் மிஸெல் என்பவர், செல்களை ஒரு குழாய்க்குள் அடுக்கி முனையில் பல்பைப் பொருத்தும் யோசனைக்கு 1899 ஜனவரி 10ல் உரிமை பெற்றார். அதை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ருஷ்யாவிலிருந்து குடியேறிய கான்ராட் ஹூபர்ட். நியூயார்க் போலீஸ்காரர்களுக்குச் சில லைட்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் அந்தச் செல்களுக்குத் தொடர்ந்து எரிக்கச் சக்தி இல்லை. கரி இழை பல்போ மின்சாரத்தை வாரி விழுங்கும். ஆகவே பளிச்சென்று அடித்து, உடனே அணைத்துவிட வேண்டும். அதனால்தான் அமெரிக்கர்கள் அதற்கு 'ஃபிளாஷ்லைட்' என்று பெயர் வைத்தார்கள். ஒரு குறையே பெயராகி நிலைத்துவிட்டது! 1910ல் வில்லியம் கூலிட்ஜ் டங்ஸ்டனை வளையும் கம்பியாக இழுக்கக் கற்றபின் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் சுவிட்ச் மட்டும் அப்படியே இருந்தது.

வெளிச்சத்தைப் பாதியாக்கும் யோசனை மனிதர்களுக்கு வராமல் இல்லை. 1920களின் நடுவில் மோட்டார் விளக்குக்கு இரண்டு இழைகள் உள்ள பல்பு வந்தது. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்ற நம் டிரைவர்கள் 'டிம்' அடிப்பது அந்தப் பரம்பரைதான். கைவிளக்கைப் பற்றிக் கவலைப்படுவதற்கு ஒரு மகா யுத்தம் வேண்டியிருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் இங்கிலாந்தில், டார்ச்சின் முகத்தில் மெல்லிய வெள்ளைக் காகிதத்தை இரண்டு மடிப்பாக ஒட்டி, தரையை நோக்கித்தான் பிடிக்க வேண்டும் என்று விதித்தார்கள். நம் பக்கத்தில் 1942 ஏப்ரல் 6ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியர் குண்டு போட்டார்கள். சென்னை கலகலத்துக் காலியாயிற்று. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் ஜனங்களைச் சுமந்துகொண்டு திண்டிவனம், விழுப்புரம் வழியாகத்தான் ஓடின. இருட்டே பாதுகாப்பு என்று பட்டணத்து மனிதன் கற்றுக்கொண்ட காலம் அது.

யுத்தம் முடிந்தது, காகிதத்தைக் கிழித்தாயிற்று, பாடமும் மறந்தது. 1952ல் சென்னைக்கு அருகே திருவொற்றியூரிலேயே செல் தொழிற்சாலை வந்தது. 1958ல் லக்னோவில் டார்ச் தொழிற்சாலை வந்தது. பட்டிதொட்டியெல்லாம் பாட்டரி லைட் பரவியது. நம் ஊர் லைட்டின் சுவிட்ச் பெரும்பாலும் போடும், அணைக்கும்; அவ்வளவுதான்.

திண்டிவனத்துக் கிழவர் செய்தது என்ன? சுவிட்சுக்கு அடியில் இன்னொரு பித்தளைத் தகட்டை வைத்தார். பழைய ஹீட்டரில் கிடைத்த நிக்ரோம் கம்பியில் ஒரு துண்டை நறுக்கி அதோடு சேர்த்தார். சுவிட்ச் முதல் படியில் நின்றால் மின்சாரம் அந்தக் கம்பி வழியாகச் சுற்றிக்கொண்டு பல்புக்குப் போகும். இரண்டாம் படியில் நேரே போகும். லாந்தரின் திருகாணியை மின்சாரத்துக்கு மீட்டுக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

இனி, 'ரெண்டு பங்கு நாளு' என்ற வாக்கைப் பார்ப்போம். பௌதிகம் படித்த நண்பர் ஒருவருடன் உட்கார்ந்து பின்னாளில் கணக்குப் போட்டேன். மூன்று கட்டை லைட்டின் பல்பு சாதாரணமாக 3.8 வோல்ட், 0.3 ஆம்பியர். அதோடு ஐந்து ஓம் கம்பியைச் சேர்த்தால் வெளிச்சம் ஏறக்குறைய கால் பாகமாகிவிடும். ஆனால் கட்டையிலிருந்து போகும் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும்! இழையின் சூடு சற்றே இறங்கினாலும் வெளிச்சம் தடாலென்று விழுந்துவிடும். செலவு அவ்வளவு சுலபத்தில் விழாது. பல்பு சீக்கிரம் ஃப்யூஸ் ஆகாது என்பது உண்மையான லாபம். கட்டை இரண்டு பங்கு நாள் வரும் என்பது வெறும் ஆசை.

அப்படியானால் பெரியப்பா ஏமாந்தாரா? இதை அவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"கட்டைக்காகவா மாத்தினேன்னு நெனச்சே?" என்றார்.

அதற்கு முந்தின வருஷம் எங்கள் தெருக்காரர் ஒருவர் ராத்திரி வரப்பில் போனார். கட்டை தீர்ந்துவிடுமே என்று ஒரு தடவை அடிப்பார், அணைப்பார், நாலு அடி நடப்பார், மறுபடி அடிப்பார். முழு வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அது அணைந்ததும் ஒன்றுமே தெரியாது. இருட்டுக்குக் கண் முழுவதும் பழக அரை மணி நேரமாவது வேண்டும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவிலிருந்த அந்த நாலு அடியில்தான் கண்ணாடி விரியன் கிடந்தது. காலையில் அவரைத் தூக்கி வந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர்.

பெரியப்பாவுக்கு வேண்டியிருந்தது அணையாத வெளிச்சம். காலடியில் சின்னதாக எரிந்துகொண்டே இருக்கவேண்டும்; தூரத்தில் சலசலப்புக் கேட்டால் உடனே பெரிதாக வேண்டும். கிழவர் அதைத்தான் செய்து கொடுத்தார்.

கதை இங்கே முடியவில்லை. ஜப்பானில் ஷுஜி நகாமுரா 1993ல் பிரகாசமான நீல ஒளி டயோடைச் செய்து காட்டினார். அதிலிருந்து வெள்ளை வெளிச்சம் பிறந்தது. அந்தத் துறையில் உழைத்த அகாசாகி, அமானோ என்ற இருவரோடு சேர்த்து 2014ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த எல்.ஈ.டி.க்குச் சூடாகி ஒளிர வேண்டிய இழை கிடையாது. மின்சாரத்தைக் கால் பாகமாக்கினால் வெளிச்சமும் ஏறக்குறைய கால் பாகமாகும். பாட்டரி நாலு பங்கு நேரம் வரும். இன்று கடைத்தெருவில் விற்கும் சார்ஜ் லைட்டுகள் பலவற்றில் இரண்டு படி சுவிட்ச் தொழிற்சாலையிலேயே வைத்து வருகிறது.

கிழவர் இப்போது இல்லை; பெரியப்பாவும் இல்லை. சென்ற மழைக்காலத்தில் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி மும்முனைக் கரண்ட் வந்ததும் பெரியப்பாவின் பேரன் மோட்டார் போடக் கிளம்பினான். கையில் புது லைட். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தத்துக்காக நான் காத்திருந்தேன்; அது வரவில்லை. காலடியில் சின்ன நிலா ஒன்று அணையாமல் வரப்பின் மேல் நகர்ந்து போயிற்று.