கேம்பஸ் சாப்ளின்: மாணவர் பக்கமா, நிர்வாகத்தின் பக்கமா?

சாப்ளின் என்றதும் உங்களுக்கு சார்லி ஞாபகம் வரலாம். இவர் வேற. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் ஆன்மிகத் தேவைகளைக் கவனிப்பவர்.

என்ன வேலை?
வழிபாடு நடத்துவார், துக்கத்தில் துணை நிற்பார், மனம்விட்டுப் பேச வருபவர்களுக்குக் காது கொடுப்பார். சில இடங்களில் சம்பளம் தருவது பல்கலைக்கழகம்; சில இடங்களில் மத அமைப்பு.

சிக்கல் எங்கே?
யேல் பல்கலைக்கழகத்தில் 1958-இல் சாப்ளினானவர் வில்லியம் ஸ்லோன் காஃபின். வியட்நாம் போருக்குப் போக மறுத்த இளைஞர்களுக்கு ஆதரவாக நின்றார். 1968-இல் கூட்டுச்சதி வழக்கில் அவருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் அது ரத்தானது; 1970-இல் வழக்கே கைவிடப்பட்டது. யேல் தலைவர் கிங்மன் ப்ரூஸ்டர் அவரது வழிமுறையை ஏற்கவில்லை. முன்னாள் மாணவர்கள் பலர் கொதித்தார்கள். ஆனாலும் காஃபினை நீக்கவில்லை.

ரகசியம் காக்கப்படுமா?
வளாகக் குற்றம் பற்றித் தெரிய வந்தால், குறிப்பிட்ட பொறுப்பில் இருப்பவர்கள் நிர்வாகத்திடம் சொல்லியாக வேண்டும் என்கிறது 1990-இல் வந்த கிளெரி சட்டம். ஆன்மிக ஆலோசகராகக் கேட்டதற்கு விலக்கு உண்டு. அதே ஆள் விடுதிப் பொறுப்பாளராகக் கேட்டிருந்தால், விலக்கு கிடையாது.

அங்கே படிக்கப் போறீங்களா? மனம் திறக்கும் முன் ஒண்ணு கேட்டுக்கோங்க: "இப்போ எந்தப் பொறுப்பில் இருந்து கேக்குறீங்க?"