நீரிழிவு நோயாளிகளின் பாதங்களில் நரம்புப் பாதிப்பைக் கண்டறிதல்

நீரிழிவு நோயாளிகளில் பலர், காலில் வலி இல்லையெனில் கால் நலமாக உள்ளது என்று கருதுகின்றனர். இது தவறான கருத்தாகும். நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப்பேர் வரை எவ்வித அறிகுறியையும் உணராதிருக்கலாம். உணர்விழந்த பாதத்தில் முள் தைத்தாலும் சூடு பட்டாலும் தெரிவதில்லை. தரையில் இரத்தக் கறையைக் கண்டு வீட்டார் கூறிய பின்னரே காயத்தை அறிபவர்களும் உண்டு. கவனிக்கப்படாத புண்ணில் கிருமித்தொற்று பரவினால் விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம்.

பாதிப்பு ஏற்படும் விதம்

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், நரம்புகளும் அவற்றிற்கு ஊட்டமளிக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் சிதைவடைகின்றன. நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால், உணர்விழப்பு கால் விரல்களில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுகிறது.

அறிகுறிகள்

• இரு பாதங்களிலும் எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு
• இரவில் அதிகரிக்கும் வலி
• பஞ்சின் மேல் நடப்பது போன்ற உணர்வு
• செருப்பு கழன்றதை உணராமை

பரிசோதனை எப்போது தேவை?

இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு, நோய் கண்டறியப்பட்ட உடனேயே பரிசோதனை செய்யப்பட வேண்டும். முதல் வகையினருக்கு 5 ஆண்டுகளுக்குப் பின் தொடங்கலாம். அதன்பின் அறிகுறி இல்லாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை அவசியம்.

மருத்துவமனையில் செய்யப்படுபவை

• 10 கிராம் மோனோஃபிலமென்ட்: மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் பல இடங்களில், அது வளையும் அளவிற்கு அழுத்தி, தொடுவுணர்வு சோதிக்கப்படும்.
• 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை: கால் பெருவிரல் எலும்பின் மீது வைத்து அதிர்வுணர்வு சோதிக்கப்படும்.
• குத்துணர்வு, வெப்ப உணர்வு, கணுக்கால் அனிச்சைச் செயல் ஆகியவையும் பார்க்கப்படும்.

இவை வலியற்றவை, சில நிமிடங்களில் முடிபவை. வைட்டமின் பி12 குறைபாடு, மதுப்பழக்கம், தைராய்டு கோளாறு ஆகியவற்றாலும் நரம்பு பாதிக்கப்படலாம். குறிப்பாக, நெடுநாள் மெட்ஃபார்மின் உட்கொள்பவர்களுக்குப் பி12 அளவைப் பரிசோதிப்பது நன்று.

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனை

நோயாளி கண்களை மூடியிருக்க, உடனிருப்பவர் ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஓரிரு நொடிகள் மென்மையாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. தொடுவதை உணரும்போது நோயாளி கூற வேண்டும். ஆறு விரல்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவற்றில் உணர்வு தெரியாவிடில் மருத்துவரை அணுகவும். இச்சோதனையில் குறை காணப்படாவிடினும் ஆண்டுப் பரிசோதனையைத் தவிர்க்கலாகாது.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்க

பாதத்தில் புண், சீழ், கருமை நிறம், அல்லது வலியின்றிச் சிவந்து வெப்பத்துடன் கூடிய வீக்கம் காணப்பட்டால் அன்றைய தினமே சிகிச்சை பெறவும்.

இழந்த உணர்வு முழுமையாகத் திரும்புவது அரிது. எனினும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதால் மேலும் பாதிப்பு ஏற்படுவதைக் குறைக்கலாம். நாள்தோறும் பாதங்களையும் விரலிடுக்குகளையும் கண்ணால் பார்த்துப் பரிசோதியுங்கள்; வெறுங்காலுடன் நடக்காதீர்கள். அடுத்த முறை மருந்து பெறச் செல்லும்போது, பாதங்களைப் பரிசோதிக்குமாறு மருத்துவரிடம் கேளுங்கள்.