நொடித்தவர் சொத்துக்குக் காவலர் யார்?

வாணிகத்தில் ஒருவர் நொடித்துப்போனால் இரண்டு கேள்விகள் எழுகின்றன. அவரிடம் எஞ்சியதைக் கடன்கொடுத்தோர் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பது ஒன்று. பகிர்ந்து முடியும்வரை அதனை யாரிடம் ஒப்படைப்பது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு இங்கிலாந்து விரைவில் விடை கண்டது. இரண்டாவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு மேல் தேடியது. மலேசிய, சிங்கப்பூர் நொடிப்புச் சட்டங்கள் அந்நாட்டுச் சட்டத்தின் வழிவந்தவை. ஆதலின், அவ்வரலாறு இங்குள்ளோரும் அறியத்தக்கது.

எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் 1542-இல் இயற்றப்பட்டதே இங்கிலாந்தின் முதல் நொடிப்புச் சட்டம். அது கடனாளியைக் குற்றவாளியாகவே கருதியது. ஆயினும், கிடைத்ததை அவரவர்க்குரிய கடனின் அளவுக்கேற்பப் பகிர வேண்டும் என்ற நெறியை அன்றே வகுத்தது. உடைமையை ஒளிக்காமல் ஒப்படைக்கும் வணிகர் கடனினின்று விடுபடலாம் என 1705-ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. வஞ்சித்து ஒளித்தவருக்கோ மரண தண்டனை விதித்தது. வணிகரல்லாதார்க்கு அச்சலுகை இல்லை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824-இல் இலண்டன் மார்ஷல்சி சிறையில் அடைபட்டது கடனுக்காகவே.

கடனாளியை இவ்வளவு கடுமையாக அடக்கிய சட்டம், அவர் சொத்தை ஏற்றவரைக் கண்காணிப்பதில் தளர்ந்திருந்தது. கடன்கொடுத்தோர் தேர்ந்தெடுத்த 'அசைனி' என்பவர், திரண்ட பணத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு காலங்கடத்த இயன்றது. இக்குறையைப் போக்க, புரூம் பிரபுவின் முயற்சியால் 1831-இல் 'அபிஷியல் அசைனி' என்னும் அலுவலர் அமர்த்தப்பட்டார். அப்பெயர் சிங்கப்பூரில் இன்றும் வழங்குகிறது.

அலுவலர் முறைக்குச் செலவு மிகுதி என்று வணிகர் குறைகூறினர். எனவே, 1869-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பை மீண்டும் கடன்கொடுத்தோரிடமே விட்டது. கடனுக்குச் சிறை என்னும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்ததும் அவ்வாண்டிலேதான். ஆயின், சிறு தொகைக்கு உரியோர் கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர்களுடைய பதிலாள் வாக்குகளைத் திரட்டிய வழக்கறிஞரும் கணக்கரும் சொத்துப் பொறுப்பைக் கைப்பற்றினர். பல இடங்களில் சொத்து கட்டணமாகவே கரைந்தது. வேலியே பயிரை மேய்ந்தது.

வாணிக வாரியத் தலைவராயிருந்த ஜோசப் சேம்பர்லின் 1883-இல் இதற்கு முடிவு கட்ட முனைந்தார். நொடிப்பின் காரணத்தை ஆராய 'அபிஷியல் ரிசீவர்' என்னும் அரசு அலுவலர் வந்தார். சொத்துப் பொறுப்பாளர் தம் கணக்கை வாரியத்துக்குக் காட்ட வேண்டியவரானார். நீதிமன்றத்துக்கு வெளியே நிகழ்ந்த கடன் உடன்படிக்கைகளும் தப்பவில்லை. அவற்றை 7 நாள்களுக்குள் பதிவு செய்யாவிடில் செல்லாவென்று 1887-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

எனினும், ஒரு குறை நீடித்தது. நொடித்த நிறுவனத்தைக் கலைத்துப் பகிரும் பொறுப்பை ஏற்பவருக்குத் தொழில்தகுதி எதுவும் கட்டாயமில்லை. சர் கென்னத் கார்க் தலைமையிலான குழுவின் 1982-ஆம் ஆண்டு அறிக்கை இதனைச் சுட்டியது. அதன் பயனாக எழுந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டம், இப்பணிக்குத் தகுதியும் பிணையும் வேண்டும் என்றது. அவையின்றிச் செயற்படுவதைக் குற்றமாக்கியது. கடனாளி தாமே முன்வந்து திட்டம் வகுக்கவும் அச்சட்டம் இடந்தந்தது. வாக்களிக்கும் கடன்கொடுத்தோரில், கடன் மதிப்பால் நான்கில் மூன்று பங்கினர் இசைந்தால் அத்திட்டம் அனைவரையும் கட்டுப்படுத்தும். ஆனால், அதனை மேற்பார்ப்பவர் தகுதி பெற்றவராயிருத்தல் வேண்டும்.

இத்தகைய தன்னார்வ ஏற்பாடு 2017-இல் மலேசியச் சட்டத்திலும் விரிவாக இடம்பெற்றது. சிங்கப்பூரில் 2018-இல் இயற்றப்பெற்று, 2020 ஜூலை 30-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், இப்பணியாளர்க்கு உரிமம் வேண்டும் என்றது.

கடன்பட்டவரைத் தண்டிப்பதே நீதி என்று தொடங்கிய சட்டம், அவர் சொத்தைக் காப்பவரிடம் கணக்குக் கேட்பதும் நீதியே என உணர நெடுங்காலம் ஆயிற்று. இடையே ஏமாந்தவர்கள் பெரும்பாலும் கூட்டத்துக்கு வர இயலாத சிறு கடன்காரர்களே. கையொப்பமிடுமுன் பொறுப்பாளரின் உரிமத்தையும் கட்டணத்தையும் கேட்டறியும் உரிமை, அவர்கள் இழப்பால் விளைந்ததாகும்.