வலை குடித்த பட்டைச்சாறு

நைலான் வருமுன் இலங்கைக் களப்பு மீனவர்கள் பருத்தி நூல் வலையைக் கண்டல் பட்டை அவித்த நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். இதை வெறும் சாயமேற்றல் என்று ஒதுக்குவது தவறு. வலையை அரித்தவை நுண்ணுயிர்கள். அவை தமக்குள் நொதிப் புரதங்களைச் செய்து, வெளியே சுரந்து, நூலின் செல்லுலோசை உடைத்து உண்ணும். பட்டையின் டானின் என்னும் துவர்ப்பொருள் அந்தப் புரதங்களைப் பிணைத்து முடக்கியது. அதே டானின் மரத்தின் சொந்தப் புரதங்களையும் முடக்க வல்லது. அதனால் செல் அதைச் சவ்வுக்குள் பொதிந்து நுண்குமிழியில் பூட்டி வைக்கிறது. செல்லின் பச்சையவுருமணியிலிருந்து அந்தப் பொதிகள் புறப்படுவதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2013இல்தான் காட்டினார்கள். வலை காத்தவர்களின் அறிவு அதைவிட மிகப் பழையது.

பட்டை உரித்தே மட்டக்களப்பு வாவியின் கண்டல் அழிந்தது என்பார்கள். சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும் என்பது உண்மைதான். ஆனால் பட்டையின் தேவையை நைலான் ஒழித்த பின்னும் காடு சுருங்கியதே! உள்நாட்டுப் போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று கரையோரங்கள் வெட்டி வெளியாக்கப்பட்டன. இறால் பண்ணைகளும் குடியிருப்புகளும் மிச்சத்தைத் தின்றன. மரம் நின்றால்தான் அடுத்த தோய்ப்புக்குப் பட்டை. அந்தத் தேவை காட்டை அழித்த இவர்களில் யாருக்கும் இருக்கவில்லை.