மென்பொருள் திசைவிகளில் பிணையச் சுணக்கம்

மென்பொருள் திசைவி என்பது, பொதுப் பயன்பாட்டுச் செயலியில் இயங்கும் மென்பொருளின் துணையுடன் தரவுப் பொதிகளை ஒரு பிணையத்திலிருந்து மற்றொரு பிணையத்துக்கு அனுப்பும் கணினி ஆகும். லினக்ஸ் அல்லது ஃபிரீபிஎஸ்டி நிறுவப்பட்டுத் திசைவியாகப் பயன்படும் பழைய மேசைக் கணினி, ஓப்பன்டபிள்யூஆர்டி இயங்கும் வீட்டு ரவுட்டர், மெய்நிகர் கணினியில் இயங்கும் திசைவி ஆகிய யாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு பொதி புறப்பட்டு இலக்கைச் சென்றடைய எடுத்துக்கொள்ளும் நேரம் சுணக்கம் எனப்படும். பொதி சென்று, அதற்கான மறுமொழி திரும்பி வர ஆகும் நேரம் சுற்றுநேரம் எனப்படும்.

சுணக்கமும் இணைப்பின் கொள்ளளவும் வெவ்வேறானவை. நொடிக்கு 100 மெகாபிட் கொள்ளளவுள்ள இணைப்பிலும் தொலைபேசி உரையாடல் தடுமாறக்கூடும். குரல் உரையாடலுக்கு ஒருவழிச் சுணக்கம் 150 மில்லி நொடிக்குள் இருப்பது நன்று எனப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை குறிப்பிடுகிறது. சுணக்கம் எங்கே தோன்றுகிறது என அறியாமல் கூடுதல் கொள்ளளவையோ விலையுயர்ந்த கருவியையோ வாங்குவதால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை.

சுணக்கத்தின் கூறுகள்

மொத்தச் சுணக்கம் நான்கு கூறுகளால் ஆனது.

1. பரவல் நேரம்: ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது. எனவே 1,000 கிலோமீட்டரைக் கடக்க 5 மில்லி நொடி ஆகும். இதனை எந்தத் திசைவியாலும் குறைக்க இயலாது.
2. அனுப்பு நேரம்: 1,500 பைட்டு அளவுள்ள பொதியை நொடிக்கு 1 மெகாபிட் இணைப்பில் ஏற்ற 12 மில்லி நொடியும், 100 மெகாபிட் இணைப்பில் ஏற்ற 0.12 மில்லி நொடியும் தேவைப்படும்.
3. செயலாக்க நேரம்: செயலி பொதியின் தலைப்பைப் படித்து வழியைத் தேர்ந்தெடுக்கும் நேரம். இது வழக்கமாகச் சில மைக்ரோ நொடிகளே ஆகும்.
4. வரிசை நேரம்: பொதி தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம். இது சுழியிலிருந்து பல நொடிகள் வரை மாறக்கூடியது.

முதல் மூன்று கூறுகளும் பெரும்பாலும் நிலையானவை. ஆகவே, நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும் சுணக்கத்துக்கு வரிசை நேரமே முதன்மைக் காரணமாக இருக்கும்.

வரிசைப் பெருக்கம்

இணையத்தின் பெரும்பகுதித் தரவைச் சுமக்கும் டிசிபி நெறிமுறை, மரபாக, பொதி இழப்பு நேரும் வரை அனுப்பும் வேகத்தைக் கூட்டிச் செல்கிறது; இழப்பைக் கண்டதும் குறைத்துக்கொள்கிறது. அதாவது, கைவிடப்பட்ட பொதியே நெரிசலை அறிவிக்கும் செய்தி ஆகும். நினைவகம் மலிவானபோது, பொதி இழப்பைக் குறையாகக் கருதிய வடிவமைப்பாளர்கள் கருவிகளில் பெரிய இடைநினைவகங்களை அமைத்தனர். இதனால் நெரிசல் அறிவிப்பு தாமதமாகி, வரிசை நிரம்பியே கிடக்கும் நிலை ஏற்பட்டது.

எடுத்துக்காட்டாக, 1,000 பொதிகள் கொள்ளும் வரிசையில் 1,500 பைட்டு அளவுள்ள பொதிகள் நிரம்பினால், அதில் 12 மெகாபிட் தரவு இருக்கும். நொடிக்கு 1,000 மெகாபிட் இணைப்பில் அது 12 மில்லி நொடியில் காலியாகும். 10 மெகாபிட் இணைப்பில் 1.2 நொடியும், 1 மெகாபிட் இணைப்பில் 12 நொடியும் ஆகும். வீட்டில் ஒருவர் ஒளிப்படங்களைப் பதிவேற்றும்போது மற்றவரின் உரையாடல் துண்டிக்கப்படுவது இதனாலேயே.

செயலிசார் காரணங்கள்

நொடிக்கு 10 கிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய பொதிகள் வந்தால், நொடிக்கு ஏறத்தாழ 1.488 கோடிப் பொதிகளைக் கையாள வேண்டும். ஒரு பொதிக்குக் கிடைப்பது 67 நானோ நொடி மட்டுமே. 3 கிகாஹெர்ட்சு செயலிக்கு இது சுமார் 200 சுழற்சிகள். இவ்வெல்லையை நெருங்கும்போது பின்வருவன சுணக்கத்தைக் கூட்டும்.

* ஒரே கோரில் சுமை: செயலியில் பல கோர்கள் இருப்பினும் பொதிகள் யாவும் ஒன்றையே சென்றடையலாம். பிபிபிஓஈ பொதிகளைப் பல பிணைய அட்டைகளால் கோர்களுக்குப் பிரித்தளிக்க இயலாது. லினக்ஸ் 2.6.35 (2010) முதல் இப்பணியை மென்பொருள் வழியாகவும் செய்யலாம்.
* குறுக்கீட்டுத் தொகுப்பு: பிணைய அட்டை பல பொதிகளைச் சேர்த்த பின்னரே செயலிக்கு அறிவிப்பது. இது செயலியின் சுமையைக் குறைத்தாலும், ஒவ்வொரு பொதியையும் சற்றுக் காக்க வைக்கும்.
* மின்சேமிப்பு: ஆழ்ந்த உறக்கநிலையிலிருந்து செயலி விழித்தெழ நேரம் எடுக்கும். எனவே சுமை இல்லாதபோது சுணக்கம் கூடுதலாகத் தென்படலாம்.
* மெய்நிகராக்கம்: ஒரே வன்பொருளைப் பகிரும் பிற மெய்நிகர் கணினிகள் செயலி நேரத்தை எடுத்துக்கொள்ளும்போது திசைவி காத்திருக்க நேரிடும்.

கண்டறியும் முறை

முதலில், பிணையம் ஓய்வாக இருக்கும்போது பிங் கட்டளையால் சுற்றுநேரத்தை அளந்து அடிப்படை மதிப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் பெரிய கோப்பொன்றைப் பதிவேற்றியபடியும், தனியே பதிவிறக்கியபடியும் அதே அளவீட்டை மீண்டும் செய்தல் வேண்டும். ஓய்வில் 20 மில்லி நொடியாக இருந்தது சுமையின்போது 500 மில்லி நொடியானால், அது வரிசைப் பெருக்கம் ஆகும். ஓய்விலும் கூடுதலாகவே இருப்பின், தொலைவு, கம்பியில்லா இணைப்பு, மின்சேமிப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும்.

அடுத்து, திசைவியின் உட்புற முகவரி, சேவை வழங்குநரின் முதல் திசைவி, தொலைவிலுள்ள வழங்கி என்ற வரிசையில் அளந்தால், சுணக்கம் எந்தக் கட்டத்தில் சேர்கிறது என்பது புலப்படும். எம்டிஆர் போன்ற கருவிகளில் இடையிலுள்ள ஒரு திசைவி மட்டும் அதிக நேரம் காட்டி, அதற்கு அப்பாலுள்ளவை இயல்பாக இருந்தால், அதனைக் குறையாகக் கொள்ளலாகாது. அத்திசைவி பிங் மறுமொழிக்குக் குறைந்த முன்னுரிமை அளிக்கிறது என்பதே அதன் பொருள்.

திசைவிக்குள் சுணக்கம் இருப்பின், ஒவ்வொரு கோரின் பயன்பாட்டையும் தனித்தனியே காண வேண்டும். நான்கு கோர்களின் சராசரி 25 விழுக்காடு எனில், ஒரு கோர் முழுமையாக நிரம்பி மற்றவை ஓய்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. லினக்ஸில் டிசி கட்டளை வரிசையில் தேங்கிய பொதிகளின் எண்ணிக்கையைக் காட்டும்.

தீர்வுகள்

வரிசைப் பெருக்கத்துக்கு, வரிசை மேலாண்மை முறைகள் தீர்வாகின்றன. கோடெல் முறை வரிசையின் நீளத்தைக் கருதாமல், பொதி காத்திருந்த நேரத்தை அளக்கிறது. காத்திருப்பு 100 மில்லி நொடிக் காலம் முழுவதும் 5 மில்லி நொடிக்கு மேல் நீடித்தால் பொதிகளைக் கைவிடத் தொடங்குகிறது. எஃப்கியூ-கோடெல் முறை, ஒவ்வொரு தரவோட்டத்துக்கும் தனி வரிசை அமைத்து, பெரிய பதிவேற்றம் சிறிய உரையாடலை மறிக்காதவாறு காக்கிறது.

வரிசை வேறு கருவியில் தோன்றினால் இம்முறைகள் பயன் தாரா. திசைவிக்கு அப்பாலுள்ள மோடத்தில் பொதிகள் தேங்கினால், திசைவியின் வரிசை காலியாகவே இருக்கும். ஆகையால் திசைவியின் அனுப்பு வேகத்தை இணைப்பின் உண்மையான வேகத்தில் 85 முதல் 95 விழுக்காடு வரை மட்டுப்படுத்துவது வழக்கம். கொள்ளளவில் சிறு பகுதியை இழப்பதன் மூலம் வரிசை திசைவியின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. வன்பொருள் முடுக்கம் இயக்கப்பட்டிருந்தால் பொதிகள் கெர்னலின் வரிசைகளைத் தொடாமலே சென்றுவிடும் என்பதால், அதனை நிறுத்த வேண்டியிருக்கும். வேகத்தை மட்டுப்படுத்துவது செயலிக்குச் சுமையானதால், திறன் குறைந்த வீட்டு ரவுட்டர்களில் இதுவே புதிய இடர்ப்பாடாகவும் ஆகலாம்.

செயலிசார் சுணக்கத்துக்கு, குறுக்கீடுகளைப் பல கோர்களுக்குப் பகிர்தல், தொகுப்பு நேரத்தைக் குறைத்தல், ஆழ்ந்த உறக்கநிலையைத் தவிர்த்தல் ஆகியன உதவும். மிகுந்த வேகம் தேவைப்படும் இடங்களில் கெர்னலைத் தவிர்த்து இயங்கும் டிபிடிகே, கெர்னலின் தொடக்க நிலையிலேயே பொதியைக் கையாளும் எக்ஸ்டிபி (லினக்ஸ் 4.8, 2016) ஆகியவை பயன்படுகின்றன.

வரலாறு

1969 இல் ஆர்ப்பாநெட்டில் நிறுவப்பட்ட முதல் பொதி மாற்றிகளே ஹனிவெல் சிறுகணினியில் மென்பொருளால் இயங்கியவை. முடிவிலா நினைவகம் இருந்தாலும் மிகைச் சுமையில் பிணையம் முடங்கும் என்பதை ஜான் நேகிள் 1985 இல் வெளியான ஆர்எஃப்சி 970 இல் விளக்கினார். வரிசை நிரம்புமுன்னே பொதிகளைக் கைவிடும் ரெட் முறையைச் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1993 இல் முன்வைத்தனர். குறுக்கீடுகளைக் கையாள்வதிலேயே செயலி மூழ்கி எப்பொதியையும் அனுப்ப இயலாமற் போகும் நிலையை ஜெஃப்ரி மோகலும் கே. கே. இராமகிருஷ்ணனும் 1996 இல் ஆராய்ந்தனர். வரிசைப் பெருக்கம் 2010–2011 காலப்பகுதியில் ஜிம் கெட்டிஸ் என்பவரால் பரவலாக அறியப்பட்டது. கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகியோரின் கோடெல் முறை 2012 இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் எஃப்கியூ-கோடெல் லினக்ஸ் 3.5 பதிப்பில் இடம்பெற்றது. வேக மட்டுப்பாட்டையும் வரிசை மேலாண்மையையும் ஒருங்கிணைக்கும் கேக் முறை 2018 இல் லினக்ஸ் 4.19 பதிப்பில் சேர்க்கப்பட்டது.