நீர்வழியா, இரும்புவழியா?

ஆர்தர் காட்டன் என்ற ராணுவப் பொறியாளரிடம் காவிரிப் பாசனப் பணிகள் 1820களின் இறுதியில் ஒப்படைக்கப்பட்டபோது, அவர் முப்பது வயதைத் தொட்டிருக்கவில்லை. ஸ்ரீரங்கம் தீவின் மேற்கு முனையில், முக்கொம்பில், காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடத்தின் படுகை ஆண்டுக்காண்டு தாழ்ந்தது. தெற்கே செல்லும் காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சை வயல்களுக்குப் போகவேண்டிய தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலில் கலந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் காட்டன் மேலணையைக் கட்டியதும் இந்தப் போக்கு மாறியது. ஆற்று மணலிலேயே அணைக்கு அடித்தளம் போடலாம் என்ற துணிவைத் தந்தது, கிழக்கே பல நூற்றாண்டுகளாக நின்றிருந்த கல்லணை. அதைக் கட்டியவர்களிடம் கற்றதாகக் காட்டன் மறைக்காமல் எழுதினார்.

அணை வேலையோடு போக்குவரத்தும் அவர் கவனத்தில் இருந்தது. சென்னைக்கு அருகே செங்குன்றத்திலிருந்து சாலைக்கான செம்பூரான் கற்களைக் கொண்டுவர 1837இல் அவர் போட்ட இருப்புப்பாதையே இந்தியாவின் முதல் ரயில் பாதை. அதே மனிதர்தான் பிற்காலத்தில் ரயிலின் பெரிய எதிரியாக அறியப்பட்டார். வயலுக்குப் பாயும் கால்வாயிலேயே படகும் போகட்டும், அதற்கு ரயிலைவிடச் செலவு மிகக் குறைவு என்பது அவர் வாதம். கோதாவரியில் அதைச் செய்தும் காட்டினார். 1852இல் முடிந்த தவளேஸ்வரம் அணையின் கால்வாய்களில் படகுகள் நெல்லும் சரக்கும் ஏற்றிச் சென்றன.

காவிரிக் கரையில் அந்த வாதம் எடுபடவில்லை. முதல் காரணம் ஆறு. கோடையில் காவிரி மணல்வெளியாகிவிடும். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஓடும் படகை நம்பி எந்த வியாபாரியும் சரக்கு அனுப்பமாட்டான். இரண்டாவது காரணம் பணம். ரயில் கம்பெனிகளின் முதலீட்டுக்கு அரசு 5 சதவீத வட்டியை உறுதி செய்திருந்தது. நட்டம் வந்தாலும் லண்டன் பங்குதாரருக்குக் கவலையில்லை. பளு இந்திய வரிதாரர் தலையில் விழுந்தது. இந்த ஏற்பாட்டைச் சாடியதில் காட்டன் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அவர் ஆதரவில் தொடங்கிய கர்நூல்–கடப்பைக் கால்வாயும் வருமானம் தராமல் போய், கடைசியில் அரசே அதை விலைக்கு வாங்க நேர்ந்ததும் உண்மை.

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து அகலப்பாதை போட்டு 1860களின் தொடக்கத்தில் திருச்சியை எட்டியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாதை கரூர் வழியாக ஈரோடு வரை நீண்டது. கடற்கரையையும் கொங்கு நாட்டையும் இணைக்கும் முனையாகத் திருச்சி ஆனது.

அடுத்த சர்ச்சை பாதையின் அகலத்தைப் பற்றியது. கவர்னர் ஜெனரல் தல்ஹவுசி காலத்தில் ஐந்தரை அடி அகலம் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. செலவைக் குறைக்க வேண்டும் என்று மேயோ பிரபுவின் அரசு 1870இல் மீட்டர் பாதைக்கு மாறியது. தென்னகத்தில் இதன் விளைவு விசித்திரமானது. 1874இல் கிரேட் சதர்ன் கம்பெனி கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே உருவானதும், ஏற்கெனவே போட்டிருந்த அகலப்பாதையையும் பெயர்த்துக் குறுக்கினார்கள். சிக்கனம் என்ற பெயரில் எடுத்த அந்த முடிவுக்குப் பின்வந்த தலைமுறைகள் விலை கொடுத்தன. அகலப்பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த இடங்களிலெல்லாம் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. 1992இல் ஒரே அகலத் திட்டம் வந்த பிறகே திருச்சிப் பாதைகளில் பலவும் அகலப்பாதையாயின.

இத்தனைக்கும் ஸ்ரீரங்கத்துக்கு ரயில் வர நெடுங்காலம் ஆயிற்று. சென்னை ரயில்கள் தஞ்சை, மாயவரம், சிதம்பரம் என்று சுற்றிவந்தன. வைகுண்ட ஏகாதசிக்கு வரும் பக்தர்கள் திருச்சியில் இறங்கி, மாட்டுவண்டியிலோ ஜட்காவிலோ காவிரியைக் கடந்து போனார்கள். விழுப்புரம்–திருச்சி நேர்பாதை 1920களின் இறுதியில் திறந்த பிறகே கோயில் தீவுக்குச் சொந்த நிலையம் கிடைத்தது. அதே காலத்தில், 1928இல், கொள்ளிடத்தின் மேல் சாலைக்கான இரும்புப் பாலமும் எழுந்தது. நாகப்பட்டினத்திலிருந்த ரயில்வே பணிமனை திருச்சியின் பொன்மலைக்கு மாறியதும் அப்போதுதான். துறைமுக நகரம் இழந்த வேலைவாய்ப்பு திருச்சிக்கு வந்தது. 1951இல் தெற்கு ரயில்வே உருவாகி, திருச்சியிலிருந்த தலைமையகம் சென்னைக்குப் போன பின்னும் திருச்சியை ரயில்வே நகரமாக வைத்திருந்தது பொன்மலைதான்.

சுதந்திரத்துக்குப் பின் கவனம் சாலைக்குத் திரும்பியது. இன்று திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே உள்ள காவிரிப் பாலம் 1976இல் திறக்கப்பட்டது. 2018 ஆகஸ்ட் வெள்ளம் பழைய வேலைகள் இரண்டைச் சோதித்தது. 1928ஆம் ஆண்டு இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி விழுந்தது. அதற்குப் பதிலான புதிய பாலம் இரண்டாண்டு முன்பே திறந்திருந்ததால் போக்குவரத்து நிற்கவில்லை. சில நாளில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்தன. காவிரிப் பாலத்தைப் பழுதுபார்க்க 2022 நவம்பரில் மூடியபோதுதான் அந்த ஒரு பாலத்தை ஊர் எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது எல்லோருக்கும் உறைத்தது.

2025இல் திருச்சியின் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தது. மெட்ரோ ரயிலுக்கான சாத்தியக்கூறும் ஆராயப்பட்டிருக்கிறது. மீட்டர் பாதை திருச்சியைவிட்டுப் போய்விட்டது. அந்தப் பாதையின் காலத்தில் எழுந்த பொன்மலைப் பணிமனையோ, இன்னும் மீட்டர் பாதையிலேயே ஓடும் நீலகிரி மலை ரயிலுக்கு இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்திருக்கிறது.